மெல்லிய தகடும் மின்வில்லும்

தமிழில் 'பற்று' என்பது பொருள் செறிந்த சொல். தீ விறகைப் பற்றுகிறது. கொடி கொம்பைப் பற்றுகிறது. நெஞ்சம் நெஞ்சைப் பற்றுகிறது. ஒன்றில் எரிதல், மற்றொன்றில் பிடித்தல், மூன்றாவதில் பிரியாமை. இம்மூன்றும் ஒருங்கே பொருந்தி நிற்கும் தொழில் ஒன்று உண்டு. இரும்போடு இரும்பை மின்தீயால் இணைக்கும் பற்றவைப்புத் தொழிலே அது. பட்டறைகளில் அதனை 'வெல்டிங்' என்று வழங்குகிறார்கள். இத்தொழிலின் ஒரு சிறு கூற்றை, மெல்லிய தகட்டைக் கம்பிகொண்டு பற்றவைக்கும் முறையை, வீட்டிலிருந்தே கற்க முயன்றேன். கற்றதையும், கற்பதற்குமுன் செய்த பெரும்பிழையையும் நம் மாணவ நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீடு கரமனையில் உள்ளது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. திருவனந்தபுரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். மொட்டைமாடி ஓரத்தில் இருந்த கைப்பிடி வேலி அடியில் துருவேறி இற்றுப் போயிற்று. புதிதாகச் செய்ய ஆகும் செலவு எங்கள் வீட்டு நிலைக்கு மிகுதி. "இயற்பியல் படிக்கிறாயே, இதை நீயே செய்யக் கூடாதா?" என்று அம்மா விளையாட்டாகக் கேட்டார். அந்த விளையாட்டுச் சொல் என்னைப் பற்றிக்கொண்டது.

சாலைக் கடைத்தெருவில் சிறிய இன்வர்ட்டர் வெல்டிங் பொறி ஒன்றும், ஒரு கட்டுக் கம்பியும், முகமூடியும் வாங்கினேன். பதினெட்டு கேஜ் சதுரக் குழாய் வந்து இறங்கியது. அதன் சுவர் 1.2 மி.மீ. கனமே உடையது. கம்பியோ பத்து கேஜ், அதாவது 3.15 மி.மீ. குழாயின் சுவரைவிடக் கம்பி இரண்டரை மடங்கு பருமன்! இப்பொருத்தமின்மை அன்று என் கண்ணில் படவில்லை.

கம்பியின் உறைமேல் எழுதியிருந்தபடி 100 ஆம்பியர் வைத்துத் தொட்டேன். கண் இமைக்கும் முன் குழாயில் விரல் நுழையும் அளவு துளை. மின்னோட்டத்தைக் குறைத்துக் குறைத்து 65 ஆம்பியருக்கு வந்தேன். துளை விழுவது நின்றது. கம்பி அடிக்கடி ஒட்டிக்கொண்டாலும், குழாயின்மேல் தடித்த வரி ஒன்று படிந்தது. அதைக் கிரைண்டரால் வழவழப்பாக்கி, செந்நிறப் பூச்சடித்து, அதன்மேல் கருநிறமும் பூசினேன். வேலி கடையில் வாங்கியது போலவே பளபளத்தது. வீட்டார் அனைவரும் பாராட்டினார்கள்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரக்கூரை போட்டுக்கொண்டிருந்தார் நாகர்கோவில் பக்கத்து முதியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் பட்டறையிலேயே கழித்தவர். அவரை அழைத்துவந்து பெருமையோடு காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறு சுத்தியலை எடுத்து ஓர் இணைப்பின் பக்கவாட்டில் தட்டினார். இரண்டாவது தட்டிலேயே அது வாய்பிளந்தது. உள்ளே குழாயின் விளிம்பு உருகாமல், வெட்டிய தடம்கூட மாறாமல் அப்படியே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஓட்டையே விழலியே!" என்றேன்.

"மக்களே, ஓட்டை விழுந்தா நீயே பாத்துருவ, மூடிருவ. இது ஓட்டை இல்லாம பொய் சொல்லுது. நாளைக்குப் புள்ளை வந்து சாஞ்சாத்தான் உண்மையச் சொல்லும்" என்றார்.

விடுமுறைக்கு வரும் அக்காவின் மகளுக்கு நான்கு வயது. வேலியைக் கண்டால் ஏறாமல் இருக்கமாட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் வேலி முழுவதையும் நானே பெயர்த்தெடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட இணைப்புகள் கையால் முறுக்கவே விட்டன.

மெல்லிய தகட்டில் கற்போர் அனைவரும் அஞ்சுவது துளைக்கே. ஆயினும் அஞ்சத்தக்கது துளையன்று. பற்றியது போல் தோன்றிப் பற்றாமல் நிற்கும் இணைப்பே. துளை கண்ணுக்குத் தெரியும் குற்றம். மற்றதோ பூச்சுக்குள் மறையும் குற்றம். முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் விழுவதே கற்போர் வழக்கம். நான் விழுந்ததும் அவ்வாறே.

பற்றுதல் என்பது என்ன?

பொற்கொல்லர் நகையின் இரு முனைகளை இணைக்கப் 'பொடி' வைத்து ஊதுவர். 'பொடி வைத்துப் பேசுதல்' என்னும் வழக்கு இத்தொழிலிலிருந்து வந்தது என்பர். அங்கே பொன் உருகுவதில்லை. பொன்னைவிட எளிதில் உருகும் பொடி இடையே பாய்ந்து இரண்டையும் பிடிக்கிறது. பற்றவைப்பிலோ அவ்வாறன்று. சேரவேண்டிய இரண்டு இரும்பும் தம் விளிம்பில் உருகவேண்டும். கம்பியும் உருகி அவற்றோடு கலக்கவேண்டும். மூன்றும் ஒரே குளமாகி, ஒன்றாக உறையவேண்டும். தூய இரும்பின் உருகுநிலை 1,538 பாகை செல்சியசு. கம்பியின் துளி மட்டும் உருகி, உருகாத தகட்டின்மேல் சொட்டி உறைந்தால், அது தாமரை இலைமேல் நீர் நின்ற கதையே. என் வேலியில் நிகழ்ந்தது அதுதான்.

அந்த வெப்பத்தைத் தருவது மின்வில். கம்பியின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால் அங்குள்ள வளி மின்னேற்றம் பெற்று மின்னோட்டத்தைக் கடத்துகிறது. அவ்விடத்து வெப்பம் 5,000 பாகைக்கும் மேல். 1881இல் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸ் கரிக்கோலைக் கொண்டு இவ்வில்லால் உலோகத்தை இணைத்துக் காட்டினார். 1888இல் சிலாவியானோவ் கரிக்குப் பதிலாக உருகும் உலோகக் கம்பியையே மின்வாயாக்கினார். ஆயினும் வெறுங்கம்பியின் உருகிய துளியைக் காற்றிலுள்ள ஆக்சிசனும் நைட்ரசனும் கெடுத்தன. ஸ்வீடன் நாட்டு ஆஸ்கார் செல்பெரி 1904இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் கம்பிக்கு மேற்பூச்சு இடும் முறையைக் கண்டார். பூச்சு எரிந்து புகையாகிக் காற்றை விலக்கும். எஞ்சியது உருகிக் கசடாகி உலோகத்தைப் போர்வைபோல் மூடும். வில் அணையாமல் நிலைத்தெரியவும் துணைசெய்யும்.

வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது 6013 என்னும் வகைக் கம்பி. அதன் பூச்சில் முதன்மையானது ருட்டைல் என்னும் கனிமம், டைட்டானியத்தின் ஆக்சைடு. இதைப் படித்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. நமக்கு வடக்கே கொல்லத்தை அடுத்த சவறையிலும், தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரையில் கருமணலைக் கண்டிருப்பீர்கள். இல்மனைட்டு, ருட்டைல், சிர்க்கான், மோனசைட்டு ஆகியவை கலந்த மணல் அது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் செர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு மோனசைட்டை அறிந்தார் என்பது வரலாறு. இக்கரையில் பிரித்தெடுக்கும் ருட்டைல், வெல்டிங் கம்பி செய்வோருக்கும் போகிறது. நாம் காலால் மிதித்து நடக்கும் மணல், நாம் கையில் பிடிக்கும் கம்பியின் பூச்சாகித் திரும்பி வரக்கூடும் அன்றோ!

வெப்பக் கணக்கு

தடித்த இரும்பில் வெப்பம் பக்கவாட்டிலும் பரவும், ஆழத்திலும் இறங்கும். மெல்லிய தகட்டுக்கு ஆழம் இல்லை. எனவே வெப்பம் பக்கவாட்டில் மட்டுமே ஓடமுடியும். ஓட வழியற்ற வெப்பம் நின்ற இடத்திலேயே குவிந்து தகட்டைக் கரைத்துவிடுகிறது. துளையின் காரணம் இதுவே.

அப்படியானால் மின்னோட்டத்தைக் குறைப்பது தானே மருந்து என்று தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வில்லின் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் ஒரு நொடிக்கு வெளிப்படும் வெப்பம் கிடைக்கும். அதைக் கை நகரும் வேகத்தால் வகுத்தால் ஒரு மி.மீ. நீளத்துக்கு விழும் வெப்பம் தெரியும்.

45 ஆம்பியரில் வில்லின் அழுத்தம் ஏறத்தாழ 22 வோல்ட்டு. பெருக்கினால் 990 வாட்டு. அச்சத்தால் கை நொடிக்கு 2 மி.மீ. நகர்ந்தால், ஒவ்வொரு மி.மீட்டருக்கும் 495 சூல் விழும். 60 ஆம்பியரில் அதே 22 வோல்ட்டு எனக் கொண்டால் 1,320 வாட்டு. கை துணிந்து நொடிக்கு 4 மி.மீ. நகர்ந்தால், மி.மீட்டருக்கு 330 சூலே விழும். மின்னோட்டம் கூடியது, தகட்டில் விழுந்த வெப்பமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! தகட்டைச் சேர்வதற்கு முன் இதில் ஒரு பகுதி காற்றில் வீணாகும்; எனினும் ஒப்பீடு மாறாது. துணிவோடு நகரும் கைக்குத் தகடு பிழைக்கும். தயங்கி நிற்கும் கைக்குத் தகடு உருகிப்போகும்.

இனிக் கம்பியின் பருமன். ஒவ்வொரு பருமனுக்கும் ஏற்ற மின்னோட்ட எல்லை உண்டு. 6013 வகையில் 3.15 மி.மீ. கம்பி ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் வரை கேட்கும், 2.5 மி.மீ. கம்பி 60 முதல் 90 வரை, 2 மி.மீ. கம்பி 40 முதல் 60 வரை. பெருங்கம்பிக்கு 65 ஆம்பியர் கொடுத்தால் அது பட்டினி. வில் தடுமாறும், துளி பற்றாது. வயிறார ஊட்டினாலோ தகடு தாங்காது. ஆதலின் பெரிய கம்பியைப் பட்டினி போடாமல், சிறிய கம்பிக்கு வயிறார ஊட்டுவதே வழி. 1.2 மி.மீ. தகட்டுக்கு 2 மி.மீ. கம்பி, 45 முதல் 55 ஆம்பியர் வரை, 1.6 மி.மீ. தகட்டுக்கு அதே கம்பியோ 2.5 மி.மீ. கம்பியோ போதும். கடைக்காரர் சிறு கம்பி இல்லை என்றால் வேறு கடைக்குப் போவது நன்று. என் வேலியைக் கெடுத்தது பாதிக்குமேல் அந்தக் கம்பியே.

கைப்பழக்கம்

முதலில் துருவையும் பூச்சையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, இரும்பு வெண்மை காணும்வரை சுத்தம் செய்க. இரு துண்டுகளும் இடைவெளியின்றிப் பொருந்த அறுத்துக்கொள்க. தடித்த இரும்பில் இடைவெளி நன்மை செய்யலாம். மெல்லிய தகட்டில் அவ்விடைவெளியே துளைக்கு வாயில். பொருத்துவதில் செலவிடும் அரைமணி, பற்றவைப்பில் மிச்சமாகும்.

நேர்மின்னோட்டப் பொறியாயின் கம்பியைப் பிடிக்கும் ஹோல்டரை எதிர்க்குறி முனையிலும், எர்த் கிளாம்பை நேர்க்குறி முனையிலும் மாட்டுக. இம்முறையில் உருக்கம் ஆழம் குறைந்து, மெல்லிய தகட்டுக்கு ஏற்றதாகிறது. எர்த் கிளாம்பு துருவின்மேல் அன்றி, தேய்த்த இரும்பின்மேல் பிடிக்கட்டும்.

தீக்குச்சி கிழிப்பது போலக் கம்பியைக் கிழித்து வில்லை எழுப்புக. எழுந்தபின் கம்பிமுனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி கம்பியின் பருமனை மீறக் கூடாது. துளைக்கு அஞ்சுவோர் கம்பியை மேலே தூக்குவர். தூக்கினால் அழுத்தம் கூடும், சுடர் அகன்று விரியும், துளி சிதறும், பற்று கெடும். அண்மையில் பிடிப்பதே காப்பு. வில் சரியாயின் அப்பளம் பொரிவது போன்ற சீரான ஓசை கேட்கும். கண்ணைவிடக் காது முந்திச் சொல்லும்.

கண்ணுக்குரிய பாடம் ஒன்று உண்டு. புதியோர் சுடரையே பார்ப்பர். அதனால் பயனில்லை. சுடருக்குப் பின்னால் உள்ள சிறு உருகுகுளத்தைப் பார்க்கவேண்டும். குளம் இரண்டு துண்டின் விளிம்பையும் நனைத்து நிற்கிறதா என்பதே கேள்வி. ஒரு கரையை மட்டும் நனைத்தால் மறுகரை பற்றவில்லை. குளம் நடுவே திடீரென்று அகன்று குழிந்தால் அடுத்த நொடி துளை விழும். உடனே கம்பியை விலக்குக. குளத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் கம்பிக்கட்டு இரண்டு தீர்ந்தது.

நீண்ட வரியை ஒரே மூச்சில் இழுக்காதீர். ஓர் இரும்புக்கோல் ஒரு மீட்டர் நீளமுடையதாயின், 100 பாகை சூடேறும்போது 1.2 மி.மீ. நீளும். மெல்லிய தகட்டில் இந்நீட்சி அலையாக வளைந்து நிற்கும். முதலில் 3 செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு 'டாக்'குகள் வைத்து, பின்பு ஒரு பக்கம் சிறிது, எதிர்ப்பக்கம் சிறிது என மாறிமாறி நிரப்புக. இடையே ஆறவிடுக. செங்குத்தான இணைப்பை மேலிருந்து கீழாக இழுப்பது மெல்லிய தகட்டுக்கு எளிது. கை விரைந்து நகர்வதால் வெப்பம் குவிவதில்லை. பின்புறம் எட்டும் இடமாயின் தடித்த செம்புப் பட்டை ஒன்றை ஒட்டவைத்துப் பிடிக்கலாம். செம்பு இரும்பைவிடப் பன்மடங்கு விரைந்து வெப்பத்தைக் கடத்தும். இரும்போடு எளிதில் ஒட்டாது.

துளை விழுந்துவிட்டால் பதறவேண்டா. செம்மை மறையும்வரை காத்திருந்து, கசடைத் தட்டி, துளையின் விளிம்பில் ஒரு துளி வைத்து உடனே நிறுத்துக. மீண்டும் ஆறவிட்டு அடுத்த துளி. பொறுமையுடையோர்க்கு எத்துளையும் அடையும்.

உடைத்துப் பார்க்கும் தேர்வு

திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தில் கொதிகலன் குழாய் இணைப்புகளை ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சோதிப்பார்கள். நம் வீட்டில் அக்கருவி இல்லை. ஆனால் சுத்தியல் உண்டு. அதே குழாயில் வெட்டிய இரண்டு சிறு துண்டுகளை, வேலைக்கு வைக்கும் அதே மின்னோட்டத்தில், 'ட' போலச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். ஆறியபின் பிடிசாவியில் இறுக்கி, பற்றாத பக்கம் பிளக்கும் வண்ணம் அடியுங்கள். இணைப்பு நெடுக விட்டு, உள்ளே பளபளத்த நேர்விளிம்பு தெரிந்தால் அது பற்றவில்லை. இணைப்பு நிற்க, அதன் பக்கத்துத் தகடு வளைந்து கிழிந்தால் அது பற்றிய பற்று. இத்தேர்வில் அடுத்தடுத்துப் பத்துத் துண்டுகள் தேறும்வரை உண்மை வேலையைத் தொடவேண்டா. எனக்குப் பத்தும் ஒருங்கே தேறியது மூன்றாம் மாதத்தில்.

மேலும் ஒன்று: தேறாத இணைப்பைக் கிரைண்டரால் வழவழப்பாக்குவது பிழையை அழிப்பதன்று, மறைப்பது. மெல்லிய தகட்டில் அளவுக்குமீறித் தேய்த்தால் நல்ல பற்றும் தேய்ந்து மெலியும்.

காப்பு

வில்லின் புற ஊதாக்கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல வலிக்கும். சாலையோரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறுங்கண்ணோடு 'டாக்' வைப்போரைப் பார்த்துப் பழகாதீர். நிழலெண் 10 உடைய கண்ணாடி வேண்டும். அருகில் நிற்கும் சிறுவரையும் விலக்குக. வலி வந்தால் கைமருந்து தேடாமல் கண் மருத்துவரிடம் செல்க.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்க்குத் தனி எச்சரிக்கை வேண்டும். துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுமுன் அது புகையாகும். அவ்வெண்புகையை உட்கொண்டால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. பால் புகையைத் தடுக்காது. இணைப்பின் ஓரத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்து, காற்றோட்டமான இடத்தில், புகைக்கு எதிர்ப்பக்கம் முகம் வைத்து வேலைசெய்வதே காப்பு.

இவ்வூர்க் காலநிலைக்குரிய எச்சரிக்கையும் உண்டு. வில் எழாத நேரத்தில் பொறியின் முனைகளில் 60 முதல் 80 வோல்ட்டு வரை நிற்கும். உலர்ந்த தோலுக்கு அது பெரிதன்று. வியர்வையில் நனைந்த உடலுக்கும், மழைநீர் தேங்கிய தளத்தில் நிற்கும் காலுக்கும் அது ஆபத்து. உலர்ந்த கையுறையும், அடி தடித்த காலணியும், பருத்தி உடையும் அணிக. மழையில் வேலை வேண்டா. சிறிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் பொறியைச் செருகாமல், தரையிணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பயன்படுத்துக. கம்பிகளை மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். ஈரம் ஏறிய கம்பி சிதறும், இணைப்பில் நுண்துளை விடும். 100 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் 6013 கம்பி மீளும்.

முடிவுரை

இன்று எங்கள் மாடியில் வேலி நிற்கிறது. அதன் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தவன் நான். ஆனால் தளத்தோடு சேரும் கால்களையும் மூலைகளையும், உயிர் சாயும் இடங்களை, அண்ணாச்சியிடமே விட்டேன். அதில் எனக்கு நாணமில்லை. தன் கை எட்டும் எல்லையை அறிவதும் கல்வியே. முடிந்தபின் அவர் அதே சுத்தியலால் என் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. "இப்ப பெயிண்ட் அடி மக்களே" என்றார். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

நண்பர்களே, துளை விழுமே என்று அஞ்சிக் கையைத் தூக்காதீர்கள். விழுந்த துளையை அடைத்துவிடலாம். பற்றாததைப் பற்றியதாகக் காட்டிப் பூச்சடிக்கும் பழக்கத்துக்கே அஞ்சுங்கள். பூசுவதற்கு முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.